கதை சொல்லி மக்களை ஒன்று சேர்த்த மகான்: ஸ்ரீமந்த சங்கரதேவர்

பிரம்மபுத்திரா நதி பாய்ந்து வளமாக்கும் அஸ்ஸாம் சமவெளியில், வைஷ்ணவ மரபைப் பின்பற்றும் கிராமங்களுக்குச் செல்பவர்கள் ஊர் நடுவே ஒரு நீண்ட கூடத்தைக் காண்பார்கள். அதற்கு நாம்கர் என்று பெயர். நாமம் ஒலிக்கும் வீடு என்பது அதன் பொருள். பெரும்பாலான நாம்கர்களின் மூலஸ்தானத்தில் விக்கிரகம் இருப்பதில்லை. படிப்படியாக உயர்ந்த மர ஆசனத்தின் மீது, துணி சுற்றிய ஒரு நூல் வீற்றிருக்கும். அது பாகவதமாகவோ அதைத் தழுவிய அஸ்ஸாமிய நூலாகவோ இருக்கும். அந்த நூலுக்கு முன்னால் ஊர்மக்கள் வரிசையாகத் தரையில் அமர்ந்து இறைவனின் கதையைக் கேட்கிறார்கள், நாமத்தைப் பாடுகிறார்கள், பிரசாதம் பெற்றுக் கலைகிறார்கள். இந்த எளிய வழக்கத்திற்கு ஐந்து நூற்றாண்டு வயதாகிறது. இதைத் தொடங்கி வைத்தவர் ஸ்ரீமந்த சங்கரதேவர்.

அவருக்கு முன்பு சாஸ்திரம் பண்டிதர்களின் சுவடியில் இருந்தது. அவருக்குப் பின் அது உழவனின் நாவில் இருந்தது. இந்த மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, அதற்காக அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் கொடுத்த விலை என்ன என்பதை அறிந்துகொள்வது நமக்குப் பயன் தரும்.

இளமையும் கல்வியும்

1449-ஆம் ஆண்டு, இன்றைய நகாவ் மாவட்டத்திலுள்ள போர்தோவாவுக்கு அருகில், அலிபுகுரி என்ற ஊரில் சங்கரர் பிறந்தார். தந்தை குசும்பர், பூயான் எனப்படும் நிலத்தலைவர்களுள் முதன்மையானவர். தாய் சத்தியசந்தியா. சங்கரர் இளம் வயதிலேயே பெற்றோரை இழந்தார். பாட்டி கேர்சுதிதான் அவரை வளர்த்தார்.

காட்டிலும் ஆற்றிலும் விளையாடித் திரிந்த சிறுவனைப் பாட்டி தம் பன்னிரண்டாவது வயதில்தான் பள்ளிக்கு அனுப்ப முடிந்தது. மகேந்திர கந்தலி என்ற பண்டிதர் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். உயிரெழுத்துகளில் முதல் எழுத்தை மட்டும் கற்றிருந்த நிலையிலேயே, வேறு உயிர்க்குறி எதுவும் கலவாத சொற்களால் சங்கரர் ஒரு துதியை இயற்றினார் என்று அஸ்ஸாமில் ஒவ்வொரு குழந்தைக்கும் சொல்லித் தருகிறார்கள். சில ஆண்டுகளில் வேதம், புராணம், காவியம், இலக்கணம் ஆகியவற்றில் தேர்ச்சி பெற்று அவர் வீடு திரும்பினார்.

குடும்பப் பொறுப்பும் தலைமைப் பொறுப்பும் அவரை வந்தடைந்தன. சூரியவதி என்ற நங்கையை மணந்தார். ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தை கைக்குழந்தையாக இருக்கும்போதே சூரியவதி காலமானார். துயரம் அவரை உள்முகமாகத் திருப்பியது. ஆயினும் கடமையை உதறிவிட்டு அவர் ஓடவில்லை. மகள் வளரும்வரை காத்திருந்தார். ஹரி என்ற இளைஞருக்கு அவளை மணமுடித்து, நிலத்தின் பொறுப்பை உறவினரிடம் ஒப்படைத்த பிறகே யாத்திரைக்குப் புறப்பட்டார். அது 1481-ஆம் ஆண்டு. அப்போது அவருக்கு வயது 32.

பன்னிரண்டு ஆண்டு யாத்திரை

ஆசிரியர் மகேந்திர கந்தலி உட்பட 17 பேர் அவருடன் நடந்தனர். பூரி ஜகந்நாதம் அவர்கள் நெடுநாள் தங்கிய தலம். பல தீர்த்தங்களைத் தரிசித்து, பல நாட்டு அடியார்களுடன் கூடியிருந்து, 12 ஆண்டுகளுக்குப் பின் ஊர் திரும்பினார்கள்.

அந்த யாத்திரை சங்கரதேவருக்கு ஓர் உண்மையைக் காட்டியது. பாரதத்தின் பல பகுதிகளில் பக்தி மக்கள் மொழியில் பாடலாகவும் கதையாகவும் பெருகிக்கொண்டிருந்தது. அவருடைய தாயகத்திலோ நிலைமை வேறாக இருந்தது. அஹோம், கசாரி, கோச், சுதியா என்று பல இனத்தவர் பல அரசுகளின் கீழ் வாழ்ந்தனர். மொழிகள் பல, வழிபாடுகள் பல. பலியும் சடங்கும் மிகுந்திருந்தன. பெரும்பாலான மக்களுக்குச் சாஸ்திரம் கேட்கும் தொலைவில்கூட இல்லை. இவர்களை ஒரே பந்தியில் அமரவைக்கக்கூடிய ஒன்று வேண்டும். அது எது?

பாகவதம் வந்து சேர்ந்தது

ஊர் திரும்பியவரிடம் உறவினர்கள் தலைமைப் பொறுப்பை மீண்டும் ஏற்கும்படி வேண்டினர். அவர் மறுத்துவிட்டார். பாட்டியின் வற்புறுத்தலுக்கு இணங்கிக் காளிந்தி என்ற பெண்ணை மணந்து இல்லறத்தில் இருந்தார். ஆனால் பொழுதின் பெரும்பகுதியைச் சிறிய ஒரு கீர்த்தனக் குடிலில் கழித்தார். சில நண்பர்கள், சில உறவினர்கள், வழிப்போக்கர்களாய் வந்த சில அடியார்கள் ஆகியோர் அங்கே மாலைதோறும் கூடினர். பிற்காலத்தில் ஆயிரக்கணக்கில் பெருகிய நாம்கர்களுக்கு இந்தச் சிறு கூட்டமே விதை.

அச்சமயம் மிதிலையைச் சேர்ந்த ஜகதீச மிசிரர் என்ற பண்டிதர் போர்தோவாவுக்கு வந்தார். ஸ்ரீதர சுவாமியின் உரையுடன் கூடிய பாகவதச் சுவடி அவர் கையில் இருந்தது. சங்கரதேவரின் குடிலில் அமர்ந்து 12 ஸ்கந்தங்களையும் அவர் வாசித்து விளக்கினார். வாசிப்பு நிறைவுற்றபின் நெடுநாள் செல்லாமல் அங்கேயே அவர் உடலை உகுத்தார் என்பது மரபுவழிச் செய்தி. ஒரு விளக்கு மற்றொரு விளக்கை ஏற்றிவிட்டு அணைந்தது போல அவருடைய வாழ்வு முடிந்தது.

தேடிய விடை சங்கரதேவருக்குக் கிடைத்துவிட்டது. பாகவதத்தைக் கதையாகச் சொல்ல வேண்டும். கேட்பவரின் மொழியில் சொல்ல வேண்டும். அனைவரையும் ஒன்றாக அமரவைத்துச் சொல்ல வேண்டும்.

கூட்டத்தின் அமைப்பு

அவர் வகுத்த முறை மிக எளியது. நடுவில் நூல். ஒருவர் கதையைச் செய்யுளாகப் பாடுவார். ஒவ்வொரு பகுதிக்கும் கோஷா எனப்படும் பல்லவி உண்டு. கூடியிருப்பவர்கள் கைதட்டி அதைத் திருப்பிப் பாடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் சில நாட்களில் கதை முழுவதையும் மனத்தில் பதித்துக்கொள்வார். இறுதியில் ஊறவைத்த பயறு, கடலை, தேங்காய், வாழைப்பழம், இஞ்சி ஆகியவை பிரசாதம். அடுப்பு மூட்டவோ பெருஞ்செலவு செய்யவோ தேவையில்லை. ஏழையின் வீட்டிலும் இத்தகைய கூட்டம் நடக்கலாம்.

இந்தப் பயன்பாட்டுக்காகவே அவர் இயற்றியது கீர்த்தன கோஷா. அதில் அவர் தேர்ந்தெடுத்த கதைகளைக் கவனித்தால் அவருடைய உள்ளம் விளங்கும். நெறி தவறி வாழ்ந்து இறுதியில் நாமத்தால் மீண்டவன் அஜாமிளன். அசுர குலத்தில் பிறந்த பக்தன் பிரகலாதன். முதலையின் பிடியிலிருந்து அபயக்குரல் எழுப்பியது கஜேந்திரன் என்னும் யானை. கையில் ஒன்றுமில்லாமல் நண்பனைக் காணச் சென்றவர் குசேலர். பாவி, அசுரன், விலங்கு, வறியவன் என்று யாருக்கும் இறைவனின் வாயில் அடைபடவில்லை என்பதைத்தான் இக்கதைகள் சொல்கின்றன. குலத்தைப் பற்றி அவர் வாதம் செய்ய வேண்டியிருக்கவில்லை. கதைகளே வாதம் செய்தன.

கேட்டவர்கள் அதைப் புரிந்துகொண்டார்கள். காரோ மலையைச் சேர்ந்த கோவிந்தன், மீரி இனத்தவரான பரமானந்தன், அஹோம் குலத்து நரஹரி, தையல் தொழில் செய்த இஸ்லாமியரான சாந்த்சாய் ஆகியோர் அவருடைய அடியார்களாக வரலாற்று நூல்களில் இடம்பெறுகிறார்கள். போர்தோவாவில் தேம்புவானி என்ற ஓடையில் அணைகட்ட முயன்று பலரும் தோற்றபோது, மீனவ குலத்தைச் சேர்ந்த ராதிகா என்ற பெண்மணியே தம் கற்பின் வலிமையால் நீரைக் கட்டுக்குள் கொண்டுவந்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. ஊரார் இழிவாக எண்ணிய குலத்துப் பெண்ணைச் சங்கரதேவர் ஊர் நடுவே பெருமைப்படுத்தினார் என்பதே அக்கதையின் சாரம்.

கதையைக் கண்ணால் காணச் செய்தவர்

காதால் கேட்பதோடு அவர் நிற்கவில்லை. ஏழு வைகுண்டங்களையும் ஓவியமாகத் தீட்டித் திரைகளாக்கி, சின்ன யாத்திரை என்ற காட்சி நாடகத்தைப் போர்தோவாவில் நிகழ்த்தினார். பின்னர் காளிய தமனம், பத்னி பிரசாதம், கேலி கோபாலம், ருக்மிணி ஹரணம், பாரிஜாத ஹரணம், ராம விஜயம் என்ற ஆறு நாடகங்களை எழுதினார். இவை அங்கியா நாட் எனப்படும். இவற்றை நடிப்பது பாவனா.

இந்நாடகங்களில் சூத்திரதாரன் தொடக்கத்தில் வந்து மறைந்துவிடுவதில்லை. கடைசிவரை மேடையிலேயே இருந்து, பாடி, ஆடி, கதையின் ஒவ்வொரு திருப்பத்தையும் மக்களுக்கு விளக்குகிறான். கதை சொல்பவனையே நாடகத்தின் அச்சாணியாக அவர் ஆக்கினார். பகலில் ஏர் பிடித்தவன் இரவில் முகமூடி அணிந்து கம்சனாகவும் காளியனாகவும் வந்தான். கதையைக் கேட்டவன் கதைக்குள்ளேயே நுழைந்துவிட்டான்.

மணியும் பொன்னும்

அரசியல் குழப்பங்களால் சங்கரதேவர் போர்தோவாவை விட்டு வெளியேற நேர்ந்தது. பல இடங்கள் மாறி, அஹோம் நாட்டில் மாஜுலிப் பகுதியில் துவாஹாட் என்ற இடத்தில் தங்கினார். அங்கேதான் மாதவர் வந்து சேர்ந்தார்.

மாதவர் 1489-இல் பிறந்தவர், கற்றவர், தீவிர சக்தி உபாசகர். தாயின் நோய் தீர்ந்தால் துர்க்கைக்கு ஆட்டுக்கிடாய் பலியிடுவதாக நேர்ந்திருந்தார். கிடாய் வாங்கி வரும்படி தம் சகோதரியின் கணவரிடம் கூறினார். அவரோ ஏற்கெனவே சங்கரதேவரின் அடியார் ஆகிவிட்டிருந்ததால் வாங்க மறுத்துவிட்டார். சினம் கொண்ட மாதவர் குருவையே வாதில் வெல்வதற்காக வந்தார். நெடுநேரம் வாதம் நடந்தது. முடிவில் சங்கரதேவர் பாகவதத்திலிருந்து ஓர் உவமையை எடுத்துக்காட்டினார். மரத்தின் வேருக்கு நீர் ஊற்றினால் கிளையும் இலையும் தாமே தழைக்கும் என்பது அந்த உவமை. மாதவரின் வாதம் அங்கே முடிந்தது. அந்தச் சந்திப்பை மணியும் பொன்னும் இணைந்த நிகழ்ச்சியாக அஸ்ஸாம் மக்கள் இன்றும் போற்றுகிறார்கள்.

சோதனைகள்

கூட்டம் பெருகியபோது எதிர்ப்பும் பெருகியது. அந்தணர் அல்லாத ஒருவர் சாஸ்திரத்தை மக்கள் மொழியில் சொல்கிறார், சடங்குகளைக் குறைத்து மதிப்பிடுகிறார் என்று சில புரோகிதர்கள் அஹோம் மன்னர் சுஹுங்முங்கிடம் முறையிட்டனர். மன்னர் சபையில் விசாரித்தார். சங்கரதேவரின் விளக்கத்தைக் கேட்டுக் குற்றமில்லை என்று விடுவித்தார்.

அடுத்து வந்த சோதனை அவ்வளவு எளிதாகக் கடக்கவில்லை. காட்டு யானைகளைப் பிடிக்கும் அரசுப் பணி பூயான் குலத்தவர்மீது சுமத்தப்பட்டிருந்தது. ஒரு முறை யானை தப்பிவிட்டது. அரசின் சினம் அவர்கள்மீது பாய்ந்தது. மாதவதேவரும் சங்கரதேவரின் மருமகன் ஹரியும் சிறைப்பட்டனர். மாதவதேவர் பின்னர் விடுவிக்கப்பட்டார். ஹரிக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

தாயில்லாமல் வளர்த்த மகள் விதவையானாள். பக்தர்களைக் காப்பாற்றும் இறைவனின் கதைகளை ஊரெங்கும் சொல்லி வந்தவரின் வீட்டிலேயே இந்த இடி விழுந்தது. ஒரு கதை சொல்லிக்கு இதைவிடக் கடுமையான சோதனை உண்டோ? அவர் பழிக்குப் பழி தேடவில்லை, கதை சொல்வதையும் நிறுத்தவில்லை. அடியார்களை அழைத்துக்கொண்டு மேற்கே கோச் நாட்டிற்குச் சென்றார். பார்பேட்டாவுக்கு அருகிலுள்ள பாட்பாவுசியில் மீண்டும் ஒரு கீர்த்தனக் கூடத்தை எழுப்பினார். அவருடைய படைப்புகளில் பெரும்பகுதி அங்கேதான் முழுமை பெற்றது. துயரம் அவருடைய நாவை அடைக்கவில்லை என்பதற்கு அந்நூல்களே சான்று.

மற்றோர் இழப்பும் நேர்ந்தது. அவர் இயற்றிய போர்கீத் என்னும் பக்திப் பாடல்கள் 240 இருந்தன. ஓர் அடியார் மனப்பாடம் செய்வதற்காக அச்சுவடியைத் தம் வீட்டிற்கு எடுத்துச் சென்றார். வீடு தீக்கிரையானது, சுவடியும் எரிந்தது. பாடுவோரின் நினைவில் இருந்தவை மட்டுமே தப்பின. இன்று சுமார் 35 பாடல்களே கிடைக்கின்றன. ஏட்டில் இருந்தது அழிந்தது, நாவில் இருந்தது நின்றது.

அரச சபையில்

1550-ஆம் ஆண்டில், நூற்றுக்கும் மேற்பட்ட அடியார்களுடன் சங்கரதேவர் மீண்டும் பூரிக்குச் சென்று வந்தார். அதன்பின் கோச் மன்னர் நரநாராயணரிடமும் அவருக்கு எதிராக முறையீடு எழுந்தது. அவரைப் பிடிக்க ஆணை பிறந்தது. காவலர்கள் அவருடைய அடியார்களான நாராயண தாசரையும் கோகுல்சந்தரையும் பிடித்துக் கடுமையாக வதைத்தனர். குரு இருக்கும் இடத்தை இருவரும் சொல்லவில்லை.

மன்னரின் தம்பியும் படைத்தலைவருமான சிலராய், சங்கரதேவரின் உறவினர் மகளை மணந்தவர். அவர் சங்கரதேவருக்கு அடைக்கலம் தந்து, பின் முறைப்படி சபைக்கு வரச்செய்தார். துதி பாடியபடியே சபைக்குள் நுழைந்த முதியவரைக் கண்டதும் நரநாராயணரின் கோபம் தணிந்தது. பண்டிதர்களுடன் நடந்த வாதத்தில் உண்மை வெளிப்பட்டது. மன்னர் அவருடைய ஆதரவாளர் ஆனார்.

ஒரு முறை மன்னர், பாகவதம் முழுவதையும் சுருக்கித் தரும்படி சபையில் கேட்டார். பண்டிதர்கள் இயலாது என்றனர். சங்கரதேவர் ஒரே இரவில் குணமாலா என்ற சிறு நூலை இயற்றித் தந்தார். சுண்ணாம்புச் செப்பில் யானையை அடைத்த செயல் என்று மக்கள் இதை வியந்து பேசுகிறார்கள்.

சிலராயின் விருப்பப்படி கண்ணனின் லீலைகளை ஒரு பெரிய துணியில் நெய்விக்கும் பணியையும் அவர் ஏற்றார். பார்பேட்டாவின் தாந்திகுச்சி நெசவாளர்கள் மதுராதாசரின் மேற்பார்வையில் அதை நெய்தனர். 120 முழ நீளம் கொண்டதாகக் கூறப்படும் அந்தப் பட்டு, விருந்தாவனி வஸ்திரம் எனப் பெயர் பெற்றது. அதே மரபில் பின்னர் நெய்யப்பட்ட பட்டுகள் லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் பாரிஸிலுள்ள கிமே அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. தறியும் கதை சொல்லலாம் என்பதை அந்நெசவாளர்கள் உலகிற்குக் காட்டினார்கள்.

இறுதியும் தொடர்ச்சியும்

வாழ்வின் இறுதியில் அவர் எடுத்த முடிவு குறிப்பிடத்தக்கது. அவருக்குப் புதல்வர்கள் இருந்தனர். ஆயினும் தமக்குப்பின் அடியார்களை வழிநடத்தும் பொறுப்பை மாதவதேவரிடமே அளித்தார். குருதி உறவைவிடத் தகுதியே பெரிது என்று கதைகளில் சொன்னதைத் தம் வீட்டிலும் நடத்திக் காட்டினார். 1568-ஆம் ஆண்டு கோச் நாட்டில் அவர் இறைவனடி சேர்ந்தார். மரபுக் கணக்கின்படி அப்போது அவருக்கு வயது 119.

அவருக்குப்பின் அடியார்களிடையே கருத்து வேறுபாடுகள் தோன்றி நான்கு பிரிவுகள் உண்டாயின. ஆனால் நான்கு பிரிவினரும் நாம்கரை விடவில்லை, கதையையும் விடவில்லை. சத்ரா எனப்படும் மடங்கள் மாஜுலியிலும் பிற இடங்களிலும் பெருகின. ஊரின் வழக்குகளைத் தீர்ப்பதும், பொதுப்பணிகளை முடிவு செய்வதும், இளைஞர்களுக்கு மத்தளமும் தாளமும் நடனமும் பயிற்றுவிப்பதும் நாம்கரிலேயே நடந்தன. அவர் நாடகங்களிலிருந்து வளர்ந்த சத்ரிய நடனத்தைச் சங்கீத நாடக அகாடமி 2000-ஆம் ஆண்டில் சாஸ்திரிய நடனங்களுள் ஒன்றாக ஏற்றது.

நமக்கு உள்ள செய்தி

அன்பர்களே, சங்கரதேவரிடம் படை இல்லை; தொடக்கத்தில் அரசின் ஆதரவும் இல்லை. ஒரு சிறு குடிலும், ஒரு நூலும், கேட்க விரும்பிய சிலரும்தான் இருந்தார்கள். இவை நம் ஒவ்வொருவருக்கும் எட்டக்கூடியவை.

வாரத்தில் ஒரு மாலை, ஒரு மணி நேரம், நம் வீட்டுக் கூடத்தில் ஒரு விளக்கை ஏற்றி வைப்போம். அக்கம்பக்கத்துக் குழந்தைகளையும் பெரியவர்களையும் அழைப்போம். யார் எந்த நிலையினர் என்று பாராமல் ஒரே பாயில் அமர்வோம். ஒரே ஒரு கதை போதும். சொல்பவர் பண்டிதராக இருக்க வேண்டியதில்லை. தாம் சொல்வதைத் தாமே நம்புபவராக இருந்தால் போதும். கேட்பவர்கள் சேர்ந்து பாட ஒரு வரி நாமம் இருக்கட்டும். முடிவில் ஒரு பிடி சுண்டல். முதல் வாரம் மூவர் மட்டுமே வரலாம். போர்தோவாவின் குடிலிலும் தொடக்கத்தில் சிலரே இருந்தனர்.

நம் வாழ்விலும் இடி விழும் நாட்கள் வரும். அன்றும் அந்த விளக்கை ஏற்றுவோமா என்பதுதான் நமக்குரிய கேள்வி. மருமகனை இழந்தபின்னும் பாட்பாவுசியில் மீண்டும் கூடம் எழுப்பிய அந்த மகான், தம் வாழ்க்கையால் அதற்கு விடை சொல்லியிருக்கிறார்.